பூதலிங்கம் அண்ணாச்சி இருமுறை மரித்ததும் ஞானையன் அச்சுப்பொறி கொண்டதும்

வாழ்க ஞானையன்! பாறசாலை ஈன்ற பெருந்தகை வாழ்க! தம்பானூர் அச்சகம் ஒன்றின் மூலையில், காற்றாடிக் காற்று எட்டாத நாற்காலியில் பதினோராண்டு வீற்றிருந்து, ஊரில் மரித்தார்க்கெல்லாம் கருப்புக் கட்டம் கட்டி, பிறந்த தேதியும் பிரிந்த தேதியும் பிசகாமல் பொறித்துத் தந்த பொன்விரலோன், முன்னே தொப்பை முரசெனப் புடைக்க, மேலே வழுக்கை வெண்குடையென விளங்க, நழுவும் பேண்ட்டை இடக்கையால் தாங்கி வலக்கையால் விதியை எதிர்க்கத் துணிந்த அந்த வீராதிவீரன் வாழ்க, வாழ்க! அவன் சொந்தமாகப் போர்டுக் கடை தொடங்கப் போகிறான். அதற்கு ஓர் அச்சுப்பொறி வாங்கவேண்டும். எதை வாங்குவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மைக்குப்பியில் வாழும் மாதரசிகளே! நீலத்தாளே, செம்மேனியாளே, மஞ்சள்முகத்தாளே, கார்வண்ணத்தாளே! நால்வரும் எழுந்தருளி இந்த ஏழைப் பாவலன் நாவில் அடைப்பில்லாமல் ஒழுகியருளுங்கள். நால்வரையும் மறக்காமல் கூப்பிட்டுவிட்டேன். ஒருத்தி கோபித்துக்கொண்டாலும் போச்சு, செக்கச்செவேலென்ற மாப்பிள்ளை பாகற்காய்ப் பச்சையில் வந்து விழுவான். அந்தப் பாவம் நமக்கு வேண்டாமப்பா.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. அனந்தசயனன் துயிலும் திருநகரில் அப்போது ஃப்ளெக்ஸ் என்னும் புதுப்பூதம் புறப்பட்டிருந்தது. நேற்றுவரை துணியிலும் தகரத்திலும் அடங்கிக் கிடந்த மானிட முகங்கள் ஆறடி எட்டடியாக வீங்கி மின்கம்பந்தோறும் ஏறின. வார்டுத் தலைவர் கைகூப்பினார். டியூட்டோரியல் கல்லூரியில் ரேங்க் வாங்கிய பிள்ளைகள் பல்லைக் காட்டினர். திருவிழாக் கமிட்டிப் பொருளாளர் அம்மனைவிடப் பெரிதாக நின்றார். கன்வென்ஷன் பிரசங்கியார் விரலை நீட்டி ஆட்டோக்காரர்களை மனந்திரும்பச் சொன்னார். இவற்றையெல்லாம் பஸ் ஜன்னல் வழியே கண்டு வந்த ஞானையனின் நெஞ்சில் தீ மூண்டது. கிள்ளிப்பாலத்தைத் தாண்டும்போது, இனிப் பிறர் கடையில் குந்துவதில்லை என்று கம்பியைப் பிடித்தபடி சபதம் செய்தான். சபதத்தின் சூட்டில் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டான். இனி அவனுக்கு வேண்டியவை இரண்டே: ஓர் அறை, ஒரு பொறி. அறையின் அதிபதி யார் என்று கேட்பீர். ஆரியசாலையின் அரிமா, மல்லி மிளகாய் வத்தலின் மாமன்னர், தும்மாமல் ஐம்பதாண்டு வியாபாரம் செய்த தூயவர், நாகர்கோவிலிலிருந்து வந்து இவ்வீதியில் வேரூன்றிய எழுபத்தொரு வயது பூதலிங்கம் அண்ணாச்சியே அவர். தம் கடையை ஒட்டிய வீதிமுகப்பு அறையை, இவ்வூர்ப் பேச்சில் முறியை, அவர் ஞானையனுக்குத் தருவதாகச் சொன்னார். சொல்லும்போதே ஒரு கத்தியையும் அவன் தலைக்குமேல் தொங்கவிட்டார்.

"ஏ ஞானையா, மிஷின் எதுன்னு முடிவு பண்ணீட்டு வா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒப்புப் போடுதேன். ஒனக்கே ஒரு உறுதி இல்லேண்ணா முறியை முந்திரிக்காரனுக்குக் குடுத்துருவேன், ஆமா. அவன் நாயா அலையுதான்."

முந்திரிக்காரன் என்பவன் எதிர்வரிசையில் முந்திரிப்பருப்பு விற்கும் மொத்த வியாபாரி. அந்த அறையைக் கிடங்காக்க ஈராண்டாய் எச்சில் ஊறிக் காத்திருப்பவன். ஆகவே வெள்ளிக்குள் பொறி முடிவாகவில்லையென்றால் ஞானையனுக்கு வேலையுமில்லை, அறையுமில்லை. பாறசாலைக்குத் திரும்பி மாமனாரின் தோட்டத்தில் ரப்பர் வெட்டவேண்டியதுதான். மாமனார் அதற்குக் கத்தியைத் தீட்டி வைத்திருப்பதாகவும் கேள்வி.

இனிப் பொறிகளைப் பாடுவோம். இரண்டு கம்பெனிகள் அவன்மேல் படையெடுத்தன. முதலாவதன் தூதன் ரதீஷ். கழுத்துப்பட்டை கட்டியவன், கேட்காமலே கைகுலுக்குபவன். அவன் பொறி தண்ணீர் மையால் அச்சிடுவது. ஆகா, அதன் அழகை என்ன சொல்ல! மாதிரிப் படத்துக் கிளியின் இறகை எண்ணலாம், புலியின் மீசையை முறுக்கலாம். இரண்டாவதன் தூதி லிபி. ஸ்கூட்டரில் வருபவள், குறைத்துப் பேசுபவள். அவள் பொறி, பெயிண்ட்டைப்போல் கரைப்பானில் கலக்கிய சால்வென்ட் மைப் பொறி. படத்தைப் பிரித்தால் பெயிண்ட் கடை வாடை குப்பென்று வீசும். கிட்டே போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கிளி சற்றே காக்கையின் சாயலில் இருக்கும். "இது வெளிய கட்டான் உள்ளதாணு சேட்டா, பத்தடி தள்ளி நின்னு நோக்கணும்" என்றாள். ஞானையன் பத்தடி தள்ளி நிற்கவில்லை. கிளியிடமே மனத்தைப் பறிகொடுத்துவிட்டான்.

ஆனால் வீட்டில் ஓர் அரசி இருந்தாள். ஞாயிறுபள்ளியில் நாற்பது வானரங்களை ஒற்றைப் பார்வையில் அமர்த்தும் ரத்னாபாய், நம் வீரனின் மனைவி, லிபியின் பக்கம் சாய்ந்தாள். மூண்டது போர். காலை ஆப்பத்தின்மேல் தண்ணீர் மை சீறியது; மதிய மீன்குழம்பில் சால்வென்ட் பொங்கியது; ஜெப வேளையில்கூட இருவரும் தத்தம் பொறிக்காகத் தனித்தனியே மன்றாடினர். ஆண்டவர் யார் பக்கமும் சேரவில்லை.

"கிளிப்படம் ஆரு கேட்டு வரப்போறா? இந்த ஊர்ல கிளிக்கு போர்டு வைக்கவனுண்டா?" என்றாள் ரத்னாபாய். "மனுசன் மூஞ்சியை அடிச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே படம். பொறவு பேசுவோம்."

அஃதே சோதனை என்றாயிற்று. இங்கேதான் நம் வீரன் தன் குலத்தொழிலின் ஞானத்தையெல்லாம் திரட்டினான். இத்தொழிலில் ஊறியவர் எவரும் பொறியைச் சோதிக்கக் கல்யாணப் படத்தை அச்சிடமாட்டார். சாவுப் போர்டைத்தான் அச்சிடுவார். ஏனெனில் அதில்தான் எல்லாமுண்டு: முகத்தின் நிறம், மையிருட்டு ஓரம், பொடியெழுத்து, மூலையில் ஒரு ரோசாப்பூ. சாவுப் போர்டு நன்றாக வந்தால் வேறெதுவும் நன்றாகவே வரும். அச்சகத்தில் கடைசி நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய போர்டொன்றைத் திரையில் திறந்து, செத்தவரின் முகத்தை எடுத்துவிட்டு, சட்டைப்பையில் துழாவினான். வாடகைப் பத்திரத்தில் ஒட்டுவதற்கென்று பூதலிங்கம் தந்திருந்த பாஸ்போர்ட் படம் ஒன்று மட்டுமே அங்கிருந்தது. அதை வைத்தான். பெயரையும் மாற்றினான், பழக்க தோஷம். அஞ்சலிக்கு இவ்வூர்ச் சொல்லான 'ஆதராஞ்ஜலிகள்' மேலே, 'ஆரியசாலை வியாபாரிகள்' என்று கீழே. சிடியில் இரண்டு பிரதி போட்டு ரதீஷிடமும் லிபியிடமும் கொடுத்து, வெள்ளிக்கிழமை அறைக்குக் கொண்டுவரச் சொன்னான்.

கொண்டுவரத்தான் சொன்னான். கட்டச் சொல்லவில்லை. ஐயோ, வியாபாரத் தூதரின் வெறியை அந்த அப்பாவி அறியான்!

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ரதீஷ் வந்தான். பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிறத்தின் மகிமை தெரியும் என்று அறைவாசலின் வலப்பக்கக் கம்பத்தில் ஆறடிப் பூதலிங்கத்தை ஏற்றிக் கட்டினான். பத்து நிமிடத்தில் லிபி வந்தாள்; பார்த்தாள்; இடப்பக்கக் கம்பத்தில் இன்னொரு பூதலிங்கத்தை ஓரடி உயர்த்திக் கட்டினாள். கட்டிவிட்டு இருவரும் சாயாக் கடைக்குப் போய், யாருடைய சிவப்பு சிவப்பு என்று சண்டையிட்டனர்.

வீதி விழித்தது. நிமிர்ந்து பார்த்தது. விக்கித்து நின்றது. பூதலிங்கமோ அன்று விடியலிலேயே பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கென நாகர்கோவில் பஸ் ஏறிப் போயிருந்தார். ஆகவே சந்தேகப்பட ஆளில்லை. போன இடத்தில் நெஞ்சடைப்பு என்று ஒருவர் சொல்ல, இல்லை, பஸ்ஸிலேயே என்று இன்னொருவர் திருத்தினார். ஒரு வியாபாரி இறந்தால் ஆரியசாலையில் கடை ஷட்டர்களைப் பாதி இறக்குவது வழக்கம். கடகடவென வீதி முழுதும் பாதி இறங்கியது. அண்ணாச்சியின் கணக்கர் தாணுமாலயன் வாய்விட்டு அழுது, முழு ஷட்டரையும் இறக்கிப் பூட்டி, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்துகொண்டிருந்த அண்ணாச்சியின் பஸ்ஸும் அவர் பஸ்ஸும் நாகர்கோவிலுக்குச் சற்று முன்னே ஒன்றையொன்று கடந்தன.

நண்பகலில் மனைவியோடு வந்திறங்கிய ஞானையன் கண்டது என்ன? இரண்டு கம்பம், இரண்டு பூதலிங்கம், நடுவே எரியும் குத்துவிளக்கு, சுமட்டுத் தொழிலாளர் சங்கம் சாத்திய மலர்வளையம். இங்கே அதை ரீத்து என்பார்கள்.

"போயி அவுத்து எடுங்க!" என்றாள் ரத்னாபாய், பல்லைக் கடித்து.

போனான் வீரன். சிங்கம்போல் நடந்து கம்பத்தின் கயிற்றில் கைவைத்தான். வைத்த கையை ஒரு புளி வியாபாரி பற்றிக்கொண்டு விம்மினார். "நாங்க ஒரு ஆளும் அறியல்ல. வாடகைக்கு வரப்போற நீயாக்கும் முதல்ல போர்டு வச்சிருக்க. ஒண்ணுக்கு ரெண்டா வச்சிருக்கியே, நல்ல மனசுடே ஒனக்கு!" என்று கட்டித் தழுவினார். பிறகு அவனால் என்ன செய்ய முடியும்? தானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டான். அடுத்த அரை மணி நேரத்தில் துக்கக் கூட்டத்துக்கு அவனே பொறுப்பாளனாகி, நாற்காலி எங்கே போடுவது என்று கைகாட்டிக்கொண்டிருந்தான். ரத்னாபாய் தலையில் கைவைத்து அறைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி இரண்டரை. வீதிமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கினார், கையில் நிச்சயதார்த்தப் பலகாரப் பையோடு, மரித்தவர்! மூக்குக்கண்ணாடி பையின் அடியில் கிடந்தது. பாதி இறங்கிய ஷட்டர்களைக் கண்டார், நெஞ்சு இளகிற்று. எதிரே வந்த சுமட்டுக்காரனிடம், "ஆருடே செத்தது?" என்று கேட்டார். அவன் தலைச்சுமையைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தான். யாரோ வேண்டப்பட்டவர்தான் போலும் என்றெண்ணி, அந்த மரியாதை தெரிந்த மகான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, தோள்துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கி, கூட்டத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து நின்று, தமக்குத் தாமே ஒரு நிமிடம் மௌனாஞ்சலி செலுத்தினார்.

அந்த மௌனத்தில்தான் அவர் காதில் ஒரு குரல் விழுந்தது. முந்திரிக்காரன் குரல். முன்வரிசையில், எல்லாருடையதையும்விடப் பெரிய ரீத்தோடு நின்று, பக்கத்தாளிடம் குசுகுசுத்தான்: "பாவம், போய்ச் சேந்தாரு. பின்ன, அந்த முறிக்கு இனி ஆருகிட்ட பேசணும்? மவன்கிட்டயா?"

பூதலிங்கம் கண்ணாடியைத் தேடி எடுத்தார். மாட்டினார். நிமிர்ந்தார்.

அக்கணத்தை எப்படிப் பாடுவேன்! வலக்கம்பத்திலிருந்து ஒரு பூதலிங்கம் பார்க்க, இடக்கம்பத்திலிருந்து ஒரு பூதலிங்கம் பார்க்க, நடுவே நின்று மூன்றாம் பூதலிங்கம் இருவரையும் பார்க்க, பார்த்தவரைப் பார்த்த கூட்டம் ஆளுக்கொரு தெய்வத்தைக் கூவிக்கொண்டு பிளந்து வழிவிட, புளி வியாபாரி மயங்கிச் சரிய, முந்திரிக்காரன் ரீத்தை முதுகுக்குப் பின்னே ஒளிக்க, ஞானையன், நம் ஒப்பற்ற வீரன், அறைக்குள் பாய்ந்து கதவுக்குப் பின்னே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். தொப்பை மட்டும் வெளியே தெரிந்தது.

எழுந்து வந்தவள் ரத்னாபாய். "அண்ணாச்சி, கோவப்படப்பிடாது. மிஷின் நல்லதா கெட்டதான்னு பாக்கதுக்கு சாவு போர்டுதான் அடிச்சுப் பாக்கது. எங்க தொழில்ல அப்படியாக்கும். உங்க போட்டோதான் கையில இருந்தது. வேற ஒண்ணும் மனசுல இல்ல, கர்த்தர் அறிய."

பூதலிங்கம் வாய் திறந்தார்.

"அதுக்கு ரெண்டு எதுக்குட்டீ? ஒருத்தன் ரெண்டு தடவையா சாவான்?"

"ரெண்டு மிஷினு அண்ணாச்சி."

அவர் செருப்பைக் கீழே போட்டார். இடப்பக்கம் போய் லிபியின் போர்டை உற்றுப் பார்த்தார். "இது என்னதுடே, அம்மைத் தழும்பா? நான் இவ்வளவு கருப்பா?" என்றார். வலப்பக்கம் போனார். அங்கே தண்ணீர் மையின் தண்ணொளியில், கன்னம் கனிந்து, மீசை மினுங்கி, இருபது வயது குறைந்து, தாமே தம்மைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் கோபம் அடுப்பில் வைத்த வெண்ணெயாய் உருகியது. "இதுல பாருட்டீ, செத்தாலும் மாப்பிள்ளை மாதிரியில்லா இருக்கேன்!"

சாயாக் கடையிலிருந்து பறந்து வந்த ரதீஷ் சமயத்தை விடுவானா? "அண்ணாச்சி, இது கண்டால் மரிச்ச ஆளெந்நு ஆரு பறயும்!" என்று ஆர்டர் படிவத்தை விரித்தான். கதவுக்குப் பின்னிருந்து ஞானையன் வெளிப்பட்டான். வென்றவனின் நடை அது. மனைவியை ஓரக்கண்ணால் பார்த்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். பின்னாலேயே வந்த லிபியோ வானத்தைப் பார்த்தாள்.

துலாமாத வானம் அது, நம் ஐப்பசி; மூன்று மணிக்குமேல் அதை நம்பக்கூடாது. நெய்யாற்றங்கரைப் பக்கமிருந்து திரண்டு வந்த கார்முகிற் சேனை, இடிமுரசு அதிர, மின்னல்வாள் சுழல, ஆரியசாலையின்மேல் சடசடவென அம்புமாரி பொழிந்தது. ஓடினர் துக்கத்தார், அணைந்தது குத்துவிளக்கு. கடைக்கூரையின் கீழ் ஒதுங்கிய பூதலிங்கம் வலக்கம்பத்தைப் பார்த்தார். முதலில் மீசை இறங்கிற்று. மேலுதடு கடந்து, மோவாய் கடந்து, கழுத்துவழி கருங்கோடாய் வழிந்தது. பின்னாலே கன்னத்துச் சிவப்பு புறப்பட்டது. புன்னகை ஒருபக்கமாய்க் கோணி ஒழுகியது. மூக்கு நீண்டு 'ஆரியசாலை வியாபாரிகள்'மேல் சொட்டியது. கடைசியாய்க் கண்ணிரண்டும் நழுவி, ரோசாப்பூவோடு சேர்ந்து, நால்நிற நங்கையரும் கைகோத்துக்கொண்டு ஓடைச் சாக்கடையில் இறங்கிப் போயினர். ஐந்தே நிமிடம். கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணி நின்றது.

காலையில் செத்ததை அவர் நம்பவேயில்லை. இதைக் கண்ணால் கண்டார். எழுபத்தோராண்டில் முதல்முறையாக அண்ணாச்சிக்கு உள்ளபடியே பயம் வந்தது. தம் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"லாமினேஷன் செய்யணமெந்நு ஞான் பறஞ்ஞதல்லே சேட்டா?" என்று, முன்பே சொன்னதாகச் சாதித்தான் ரதீஷ், நனைந்த படிவத்தைப் பிடித்தபடி.

"பறஞ்ஞில்ல" என்றாள் ரத்னாபாய்.

இடக்கம்பத்திலோ, இடியும் மின்னலும் மாறி மாறித் தாக்க, கறுத்தவர், புள்ளி விழுந்தவர், பெயிண்ட் வாடை வீசும் பூதலிங்கம், ஒரு மயிரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளிப் பார்த்தால் புள்ளியே தெரியவில்லை. அசல் அவரேதான். கிழவர் நெடுநேரம் பார்த்தார், கண் கலங்கிற்று, துடைக்கவும் இல்லை.

"நனையாததை வாங்குடே" என்றார் கடைசியில். "முறி ஒனக்குத்தான். எனக்கு ரீத்து கொண்டுவந்து என் முறியைக் கேட்டவனுக்கு ஒரு காலமும் இல்ல."

நான்கு மணிக்கு, சொன்ன சொல் தவறாமல், கூரையின் கீழே முட்டியில் பத்திரத்தை வைத்து ஒப்பமிட்டார். முந்திரிக்காரன் முழு ஷட்டரையும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பேனா மூடியைக் கடித்தபடி நின்ற ஞானையன், லிபியின் படிவத்தில் கையெழுத்திட்டான். மனைவி முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை. ஒலிக்கட்டும் முரசு! ஊதட்டும் சங்கு! மரணத்தை வென்றது சால்வென்ட், மாரியை வென்றது புள்ளி, மண்ணுள்ளளவும் மறையாது அத்திருமுகம். ஆரியசாலைக்கு வரும் வருங்காலத் தலைமுறைகள் அண்ணாந்து நோக்கி, காலனும் கரைக்கவொண்ணாக் கருமேனிப் பூதலிங்கம் இவரே என்று கைதொழ, அவ்வொப்பற்ற ஓவியம் அக்கம்பத்தின் உச்சியிலே ஊழிதோறும் ஒளிவீசி நிற்குமன்றோ!

கணக்கர் கடையைப் பூட்டிப் போயிருந்ததால் லாரிக்காரன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போன மல்லி மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன, அண்ணாச்சி அந்தப் போர்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அவற்றை மூடினார்.